என் பங்குக்கு வந்த வாரம்

அக்டோபரில் ஒரு வாரம் எனக்கு.
நீதிமன்றத் தாளில் அப்படித்தான் இருக்கிறது:
கோடையில் மூன்று வாரம், கிறிஸ்துமஸில் பாதி,
இலையுதிர் விடுமுறை முழுதும் தந்தைக்கு.

பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்.
மேலிருந்து பார்த்தால் எல்லாப் பெட்டியும் ஒரே உயரம்.
மெர்லே அப்படியில்லை.
கோடையில் வாங்கிய கால்சட்டை
கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொண்டது.
"எங்கே போகிறோம்?"
"பழைய ஊர்களுக்கு."
"உன்னைவிடப் பழையதா?"

குவெட்லின்பூர்க்கில் மழை.
மரச்சட்டம் போட்ட வீடுகள்
தோளோடு தோள் சாய்ந்து, விழாமல் நின்றன.
நடுவில் ஒன்றை உருவினால்
தெருவே உட்கார்ந்துவிடும் என்றார்
விடுதி நடத்தும் ஹெட்விக் ப்ரோய்ல்.
மாடி அறையில் ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்தார்.
அது யாரும் தொடாமல்
கதவிலிருந்து சன்னல்வரை ஓடியது.
மெர்லே இருபது முறை ஓடவிட்டாள்.
குன்றின்மேல் கோட்டை ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டது.
நானும் மூன்று முறை விட்டேன்.

நவும்பூர்க் பேராலயத்தில்
ஏறக்குறைய எண்ணூறு வருடமாய்
ஒரு கல் பெண் நிற்கிறாள்,
மேலங்கியின் கழுத்தைக் கன்னம்வரை இழுத்துப் பிடித்தபடி.
வழிகாட்டி சொல்லிக்கொண்டே போனாள்:
மிடுக்கு, குலம், மர்மம்.
"குளிர்கிறது அவளுக்கு, அவ்வளவுதான்"
என்றாள் மெர்லே. "பக்கத்தில் நிற்கிறானே,
அவன் பார்க்கவே இல்லை."
பார்த்தேன் அவனை.
வாள்மேல் கை, கண் வேறெங்கோ.
"உனக்குக் குளிர்கிறதா?" என்றேன்.
"இப்போது கேட்கிறாய்."

டிரெஸ்டன் ரயிலில் அவள் அம்மாவின் அழைப்பு.
எழுந்து பெட்டியின் கோடிக்குப் போனாள்.
கண்ணாடிக் கதவுக்கு அப்பால் உதடுகள் அசைந்தன,
ஒருமுறை சிரித்தாள்.
அவள் கடித்து வைத்த முட்டை ரொட்டியை
நான் தின்று முடித்தேன்.

கோர்லிட்ஸ் ஒரு ஊர், இரண்டு நாடு.
நடுவில் ஆறு, ஆற்றின்மேல் நடைபாலம்.
அக்கரையில் வேறு காசு, வேறு வணக்கம்,
அதே மஞ்சள் இலைதான் இரண்டு பக்கமும் விழுகிறது.
போலந்தில் கசகசா கேக் வாங்கி
ஜெர்மனிக்கு வருவதற்குள் தின்று தீர்த்தாள்.

சந்தைச் சதுக்கத்தில் ஒரு வாசல் வளைவு.
கல்லில் செதுக்கிய பள்ளம் ஒன்று
இந்தக் காலிலிருந்து மேலேறி
அந்தக் காலில் இறங்குகிறது.
இந்த முனையில் முணுமுணுத்தால்
அந்த முனையில் வைத்த காதுக்குக் கேட்கும்,
இடையில் நிற்பவருக்கு ஒன்றுமில்லை.
அந்த வீட்டில் குடியிருக்கும் ஒரு பெண்
வெங்காயத்தாள் நீட்டிய பையோடு
எங்களுக்கு நடுவே நுழைந்து போனாள்,
எத்தனையோ ரகசியங்களுக்கு அடியில் தினமும் போகிறவள்.

"கேட்கிறதா?" என்றது கல்.
"கேட்கிறது."
"அப்பா, அடுத்த வருடம் இந்த வாரம் நான் உன்னோடு"
அதற்குள் பீர் பீப்பாய் ஏற்றிய வண்டியொன்று
சதுக்கத்துக் கருங்கல்லில் தடதடவென்று வந்தது.
வினைச்சொல்லை அது கொண்டுபோய்விட்டது.
வருவேன் என்றாளா,
வரமாட்டேன் என்றாளா.
மறுபடி சொல் என்று கேட்டிருக்கலாம்.
கன்னம் கல்லில் ஒட்டியிருக்க
"சரி" என்றேன்,
இரண்டுக்கும் பொருந்தும் என்பதால்.

ஓடி வந்தாள். "என்ன கேட்டது?"
"எல்லாம்."
முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்,
பிறகு ஐஸ்கிரீம் கடை எங்கே என்றாள்,
ஆறு டிகிரிக் குளிரில்.

திரும்பும் வண்டியில் பையிலிருந்து கோலிக்குண்டை எடுத்தாள்.
"திருடினாயா?"
"நீ பணம் கட்டும்போது அவரே கொடுத்தார்."
மடிப்பு மேசையில் வைத்தாள்.
தண்டவாளம் வளையும்போது என் பக்கம் வந்தது,
நேராகும்போது தயங்கி நின்றது,
பிறகு அவள் பக்கம்.
விளிம்பில் இருவரும் கை வைத்துக் காத்திருந்தோம்.
ஹனோவர் வர இன்னும் இருபது நிமிடம்.